முதலில் பார்ப்பது சிஸ்டர்தான்

ஊர் பேர் சொல்ல மாட்டேன், வருஷமும் சொல்ல மாட்டேன். டெல்டாவில் ஒரு அரசு மருத்துவமனை, ஐப்பசி அடைமழை, எனக்கு நைட் டூட்டி. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான தன் மகளை ஒரு அம்மா கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். பெண்ணின் தலை ஈரம், புதுப்பாவாடை. போட்டிருந்த துணி எங்கே என்றேன். "அலசிக் கொடியில போட்டுட்டேன் சிஸ்டர்" என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எது நடந்தாலும் முதலில் தலையில் தண்ணீர் ஊற்றுவதுதானே நம் வீட்டு வழக்கம்.

குளிக்காமல், துணி மாற்றாமல் வந்தால் நல்லது. ஆனால் குளித்துவிட்டோமே, இனி போய் என்ன என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். சம்பவம் நடந்து நான்கு நாள், அதாவது 96 மணி நேரம் வரைக்கும் உடம்பிலிருந்து தடய மாதிரி எடுக்கச் சொல்கிறது மத்திய சுகாதாரத் துறையின் 2014 வழிகாட்டுதல். கழற்றிய துணியைத் துவைக்காமல், நிழலில் உலர்த்தி, காகிதப் பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டவே வேண்டாம், ஈர நெல்லைச் சாக்கில் கட்டிவைத்தால் என்ன ஆகும் என்று நம்மூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? தடயமும் அப்படித்தான் பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போகும்.

தடயத்தைவிட அவசரமானது சிகிச்சை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கர்ப்பத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இதற்குப் போய் "போலீஸ் மெமோ கொண்டு வாங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படி அனுப்பவே கூடாது. தனியார் மருத்துவமனையானாலும் இலவசமாகப் பார்த்தாக வேண்டும், மறுத்தால் ஒரு வருஷம் வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. போலீசுக்குத் தகவல் சொல்வது மருத்துவமனையின் வேலை, அவர்கள் வரும்வரை அந்தப் பெண் பெஞ்சில் காத்திருக்க வேண்டியதில்லை. பரிசோதனைக்கு அவள் சம்மதம் வேண்டும், பாதியில் போதும் என்றால் போதும்தான். வேண்டாம் என்பதற்காகச் சிகிச்சையை நிறுத்தவும் முடியாது.

பெண்ணுறுப்பில் விரலை விட்டு, அவள் உடலுறவுக்குப் பழகியவளா என்று பார்க்கிற இரண்டு விரல் பரிசோதனையைச் செய்தால் அது ஒழுங்கீனம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லிவிட்டது. அதைச் சொல்ல அத்தனை வருஷம் ஆனது என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் 1970-களிலிருந்தே இதற்கென்று பயிற்சி பெற்ற நர்சுகள் தாங்களே பரிசோதனை செய்கிறார்கள். இங்கே சட்டப்படி பதிவுபெற்ற டாக்டர்தான் செய்ய வேண்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் டூட்டி டாக்டர் பிரசவ வார்டிலிருந்து வரும்வரை அந்தப் பெண் பக்கத்தில் இருப்பது யார்? அவள் முதலில் வாய் திறப்பது யாரிடம்? கவரில் சீல் வைத்து, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று எழுதிவைப்பதில் பாதி யார் வேலை? அதில் ஒரு கையெழுத்து விட்டுப்போனால் கோர்ட்டில் வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார். நான் படித்தபோது இதைப்பற்றி ஒரு வகுப்புகூடக் கிடையாது. இப்போது பி.எஸ்சி. நர்சிங்கில் தடயவியல் செவிலியம் என்று ஒரு சின்னப் பாடம் வந்திருக்கிறது, சந்தோஷம். ஏற்கெனவே வேலையில் இருக்கிறவர்களுக்கு? தாலுகா மருத்துவமனையில் ஷிஃப்டுக்கு ஒருவராவது இதில் பயிற்சி பெற்ற சிஸ்டர் இருக்க வேண்டும், அதற்கென்று பொறுப்பும் அலவன்சும் கொடுத்து. கூடுதல் வேலையாகத் தலையில் கட்டினால் நடக்காது, அனுபவத்தில் சொல்கிறேன்.

அன்று அந்தப் பெண் உடுத்தி வந்ததையும் எடுத்து வைத்துக்கொண்டோம். திரும்பிப் போக மாற்றுத்துணி வேண்டும் என்று யாருக்குமே தோன்றவில்லை, எனக்கும்தான். போர்வையைச் சுற்றிக்கொண்டு அவள் நின்றபோதுதான் உறைத்தது. என் லாக்கரில் கிடந்த நைட்டியைக் கொடுத்தேன், அவளுக்கு அது ரொம்பப் பெரியது. அப்புறம் எப்போதும் இரண்டு சைஸில் வாங்கி வைத்திருந்தேன். ரிட்டயர் ஆன அன்று மிச்சமிருந்ததை அடுத்த ஷிஃப்ட் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு வந்தேன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை.