அரை மணி நேரத்தில் கறுப்பு பெல்ட்

குணா: அக்கா, கறுப்பு பெல்ட்டுக்கு எவ்வளவு நாளாகும்?

சரோஜா: அரை மணி நேரம்.

குணா: அரை மணியா!

சரோஜா: கரண்ட் போகாமல் இருந்தால். நூல் எல்லாம் சுற்றியே வைத்திருக்கிறேன்.

குணா: எங்கள் மாஸ்டர் மூன்று வருடம் என்கிறாரே?

சரோஜா: மூன்று வருடமா? அவர் என்ன, பருத்தி விதைத்து நூல் நூற்றா தைக்கிறார்?

குணா: நானும் அதைத்தான் வீட்டில் சொன்னேன், இழுக்கிறார் என்று. உங்களிடம் வேறு யாரும் எடுத்திருக்கிறார்களா?

சரோஜா: போன வாரம்கூட இரண்டு பேர் வாங்கிப் போனார்கள். பதினைந்து வெள்ளி. பெயரைத் தங்க நூலில் போட வேண்டுமென்றால் ஐந்து வெள்ளி கூட.

குணா: வெறும் பதினைந்தா! அங்கே கிரேடிங் பரீட்சைக்குத் தனிப் பணம், சர்ட்டிபிகேட்டுக்குத் தனிப் பணம், பெல்ட்டுக்குத் தனிப் பணம். பையன் இன்னும் ஒழுங்காக ஓர் உதை விடவில்லை, எனக்குத்தான் மாதா மாதம் உதை.

சரோஜா: இருங்க தம்பி. கிரேடிங்கா? நீங்கள் எதைக் கேட்கிறீர்கள்?

குணா: சின்னவன் டேக்வாண்டோ போகிறான் இல்லையா...

சரோஜா: அட, நான் தையலைச் சொன்னேன். பெல்ட் அரை மணியில் தயார். அதைக் கட்டிக்கொள்கிற ஆளை என் மிஷினில் தைக்க முடியாது.

குணா: அதையும் கொஞ்சம் எக்ஸ்பிரஸாக...

(மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் சரோஜா அக்காவின் தையல் கடையில் கால்சட்டை குறைக்கக் கொடுத்துவிட்டு நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். குணா இதைச் சிரிக்காமல் சொன்னார். நம் ஊர் மண்டபத்தில் நடக்கிற வகுப்பையும் நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் உதைக்கிறதைவிட அப்பாமார் வீடியோ எடுக்கிறது அதிகம்.)

சரோஜா: பையனுக்கு என்ன வயது?

குணா: ஏழு. இப்போது மஞ்சள். அடுத்த மாதம் பச்சைக் கோடு போடுவார்கள். அதற்கும் பணம்.

சரோஜா: பெல்ட்டைத் தானே கட்டிக்கொள்வானா?

குணா: அவன் அம்மா கட்டிவிடுவாள்.

சரோஜா: அப்படியானால் பச்சைக் கோட்டை அவளுக்குப் போடச் சொல்லுங்க.

குணா: விளையாடாதீர்கள் அக்கா. ஈப்போவில் என் மச்சான் மகன் எட்டு வயதிலேயே கறுப்பு வாங்கிவிட்டான். தீபாவளிக்கு வந்தபோது அதைக் கட்டிக்கொண்டுதான் வந்தான். முறுக்கு தின்னும்போதுகூடக் கழற்றவில்லை. என் மாமியார் அவனுக்கு இரண்டு அங்பாவ் பண உறை கொடுத்தார்.

சரோஜா: ஓ, வியாதி அங்கே இருக்கிறதா? சரி, நீங்கள் செம்பனை ஆலையில் கணக்கு எழுதுகிறவர்தானே, எழுதுங்க. வெள்ளையில் ஆரம்பித்துக் கறுப்பு வரைக்கும் பத்துப் படி. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் எப்படியும் மூன்று மாதம்.

குணா: முப்பது மாதம்.

சரோஜா: அது காய்ச்சல் வராமல், தைப்பூசத்துக்குப் போகாமல், பள்ளிப் பரீட்சை என்று ஒரு வகுப்பும் விடாமல், ஒரு கிரேடிங்கிலும் தவறாமல் போனால். மூன்று வருடம் என்று உங்கள் மாஸ்டர் இழுத்துச் சொல்லவில்லை, குறைத்துச் சொல்லியிருக்கிறார். பலருக்கு நாலைந்து ஆகிறது.

குணா: சரி, மூன்றே வைத்துக்கொள்வோம். அவனுக்குப் பத்து வயதில் கறுப்பு.

சரோஜா: பத்து வயதில் கறுப்பு கிடையாது. கொரியாவில் குக்கிவோன் என்று தலைமை இடம் இருக்கிறது. பதினைந்து வயது ஆகாத பிள்ளைக்கு அவர்கள் கொடுக்கிறது பூம். பாதி சிவப்பு, பாதி கறுப்பு.

குணா: துணி பத்தவில்லையா?

சரோஜா: வயது பத்தவில்லை.

குணா: கொரியாக்காரன் சட்டம் சுங்கை சிப்புட்டுக்கு எதற்கு அக்கா?

சரோஜா: இதை இங்கே கொண்டுவந்ததே கொரியாக்காரர்தானே. சோய் ஹோங் ஹி என்று ஒரு ஜெனரல், 1962-இல் இந்த நாட்டுக்குத் தூதராக வந்தார். அவர் வந்த பிறகுதான் இங்கே டேக்வாண்டோ வேர் பிடித்தது. பயிற்சி வரிசைகளில் பலவற்றை இந்த நாட்டில் இருந்துதான் அமைத்தார். பிறகு சங்கம் இரண்டாகப் பிரிந்தது வேறு கதை.

குணா: தூதர் வந்தும் ஓர் எக்ஸ்பிரஸ் வழி கொண்டுவரவில்லையா? சரி, கராத்தேயில் மாற்றிவிடட்டுமா?

சரோஜா: அங்கேயும் மூன்று, நாலு, ஐந்து வருடம். மாற்றினால் வெள்ளையில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

குணா: பிரேசில்காரர்கள் தரையில் உருண்டு பிடிப்பார்களே, அது?

சரோஜா: ஜுஜுட்சு. அதில் சுமார் பத்து வருடம். பத்தொன்பது வயதுக்கு முன்னால் கறுப்பு தரவே மாட்டார்கள்.

குணா: வேண்டாம், அதற்குள் அவனுக்குக் கார் லைசென்ஸ் வந்துவிடும். இவ்வளவும் உங்களுக்கு எப்படித் தெரியும்?

சரோஜா: என் மகளுக்காக அந்த மண்டபத்துச் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். மற்ற அப்பா அம்மாவெல்லாம் கைப்பேசி பார்த்தார்கள். எனக்கு அப்போது கைப்பேசி இல்லை.

(மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய கறுப்பு பெல்ட்டை எடுத்து மிஷின் மேல் போட்டார். முடிச்சு விழுகிற இடத்தில் மேல்துணி தேய்ந்து, உள்ளே இருந்த வெள்ளைப் பருத்தி தெரிந்தது. நீளவாக்கில் ஓடுகிற தையல் வரிசைகள் மட்டும் அப்படியே இருந்தன.)

குணா: ஐயையோ, டேமேஜ். கடையில் மாற்றித் தரவில்லையா?

சரோஜா: தம்பி, இது கட்டிக் கட்டித் தேய்ந்தது.

குணா: எங்கள் மாஸ்டர் தலைகீழாகச் சொன்னார். அந்தக் காலத்தில் வெள்ளை பெல்ட் ஒன்றுதானாம். துவைக்காமல் கட்டி, அழுக்கேறி அழுக்கேறிக் கறுப்பாகுமாம். அதனால் நான் என்ன நினைத்தேன் என்றால், ஆலைக்குப் பின்னால் ஒரு சேற்றுக் குட்டை இருக்கிறது...

சரோஜா: தையற்காரியிடம் இந்தக் கதை வேண்டாம். வெள்ளைத் துணி அழுக்கானால் பழுப்பாகும், அப்புறம் நாறும், நம் ஊர் மழைக்குப் பூஞ்சை பிடிக்கும். கறுப்பாக வேண்டுமென்றால் சாயம் வேண்டும். ஜப்பானில் கானோ ஜிகோரோ என்ற ஜூடோ வாத்தியார் 1883-இல் இரண்டு மாணவர்களுக்கு முதல் டான் என்ற தகுதிப் படியைக் கொடுத்தார். கொஞ்ச காலம் கழித்துத்தான் டான் வாங்கினவர்களுக்குக் கறுப்பு என்று அடையாளம் வந்தது. குட்டையும் இல்லை, சேறும் இல்லை.

குணா: மஞ்சள், பச்சை, நீலம் எல்லாம்?

சரோஜா: அதெல்லாம் ஐரோப்பாவில் பரவியது. 1930-களில் பாரிசில் ஜூடோ சொல்லிக்கொடுத்த கவாயிஷி என்ற இன்னொரு ஜப்பான்காரர் பரப்பினார்.

குணா: எதற்கு இத்தனை நிறம்?

சரோஜா: அங்கேயும் உங்களைப் போல் நாலு அப்பாமார் இருந்திருப்பார்கள்.

குணா: போகட்டும். கறுப்பு வாங்கிவிட்டால் அதோடு செலவு முடிந்ததுதானே?

சரோஜா: அது முதல் டான். ஒன்பது வரைக்கும் போகிறது. ஒன்றிலிருந்து இரண்டுக்குக் குறைந்தது ஒரு வருடம், இரண்டிலிருந்து மூன்றுக்கு இரண்டு வருடம், மூன்றிலிருந்து நாலுக்கு மூன்று வருடம்.

குணா: இது வீட்டுக் கடன் மாதிரி அல்லவா இருக்கிறது! முன்பணமாக மொத்தமாகக் கட்டினால் ஏதாவது எக்ஸ்பிரஸ்...

சரோஜா: இன்னொரு தடவை அந்த வார்த்தையைச் சொன்னால் உங்கள் சட்டைக்குக் காஜா எடுக்க மாட்டேன்.

குணா: சும்மா கேட்டேன் அக்கா.

சரோஜா: எங்கள் அப்பா ரப்பர் தோட்டத்தில் சிலம்பம் சொல்லிக்கொடுத்தார். காலையில் பால் வெட்டு, சாயங்காலம் லயத்து வீடுகளுக்கு முன்னால் கம்பு. காலடி வரும்வரை கம்பைத் தொட விடமாட்டார். மாதக்கணக்கில் வெறும் காலையே வைத்துக்கொண்டிருப்பார்கள் பையன்கள். பெல்ட் என்று ஒன்றும் இல்லை. இடுப்பில் ஒரு துண்டு, அதுவும் வியர்வை துடைக்க. ஒருத்தர்கூட எத்தனை நாளாகும் என்று கேட்டதில்லை.

குணா: சர்ட்டிபிகேட்?

சரோஜா: அப்பா முப்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டினார். தோட்டம் கைமாறியபோது வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. அவர் கைக்கு வந்த ஒரே காகிதம் அதுதான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சர்ட்டிபிகேட் வாங்குகிற உங்கள் மகன் கொடுத்துவைத்தவன்.

(குணா கொஞ்ச நேரம் பேசவில்லை. திருந்திவிட்டார் என்று நான் நினைத்தேன். அவர் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.)

குணா: அக்கா, அந்தப் பாதி சிவப்பு பாதி கறுப்பு இருக்கிறதே...

சரோஜா: பூம்.

குணா: அதில் எந்தப் பாதியை முன்பக்கம் வரும்படி கட்ட வேண்டும்? கறுப்புப் பாதி வயிற்றுப் பக்கம் வந்தால் தீபாவளிக்குப் போதும். முதுகை யார் பார்க்கப் போகிறார்கள்?

சரோஜா: நீளவாக்கில் பாதி தம்பி. ஒரு விளிம்பு சிவப்பு, ஒரு விளிம்பு கறுப்பு. எப்படித் திருப்பிக் கட்டினாலும் சிவப்பு தெரியும்.

குணா: மேல்சட்டையைக் கொஞ்சம் இறக்கிவிட்டால்?

சரோஜா: தெரியும்.

குணா: போட்டோவைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால்?