சென்ட்ரல் வாசலில் படுத்திருப்பவர்கள்

நேற்று ராத்திரி எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சென்னை சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில் எடுத்த போட்டோ ஒன்றைப் போட்டிருந்தார். பின்னால் விளக்கு வெளிச்சத்தில் சிவப்புக் கட்டடமும் மணிக்கூண்டும், முன்னால் தரையில் வரிசையாகப் பதினைந்து இருபது பேர் படுத்திருக்கிறார்கள். "எப்படி இருந்த சென்ட்ரல், இப்படிக் கெடுத்து வச்சிருக்காங்க, இவங்களை அப்புறப்படுத்த ஆளே இல்லையா" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே நிறைய கைதட்டல். பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதுகிறேன்.

நான் திருவள்ளூரிலிருந்து சீசன் டிக்கெட்டில் வந்து போகிறவன். இருபத்தாறு வருஷமாக வாரத்தில் ஆறு நாள் இந்த ஸ்டேஷனில் இறங்கி ஏறியிருக்கிறேன். சென்ட்ரல் கெட்டுப்போனதில் எனக்கும் வருத்தம் உண்டு. யார் கெடுத்தது என்பதில்தான் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை.

சின்ன வயதில் அப்பா என்னை இங்கே கூட்டிவருவார். அப்போதெல்லாம் சென்ட்ரலைச் சுற்றிச் சும்மா உட்கார எவ்வளவோ இடம் இருந்தது. பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க், அதற்குள்ளேயே மிருகக்காட்சி சாலை, ஒட்டினாற்போல் மூர் மார்க்கெட். 1985ல் மூர் மார்க்கெட் எரிந்தது, அதே சமயத்தில் மிருகக்காட்சி சாலையும் வண்டலூர் போய்விட்டது. மார்க்கெட் இருந்த இடத்தில் எழும்பிய கட்டடத்தில்தான் நான் தினமும் வந்து இறங்கும் புறநகர் ஸ்டேஷன் இருக்கிறது. பார்க்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டடங்களாகக் கரைந்துவிட்டது. ஸ்டேஷனுக்குள் நீளமான பெஞ்சுகள் இருந்தன, அசந்து வருகிற ஆள் துண்டை விரித்து அரை மணி நேரம் சாயலாம். இப்போது நடுவில் கைப்பிடி வைத்த இரும்பு நாற்காலிகள்தான், அதில் உட்கார மட்டும்தான் முடியும். காசு கட்டினால் ஏசி அறை. 1873லிருந்து நிற்கிற ஒரு ஸ்டேஷன், ஊரிலிருந்து வந்து இறங்குகிற எவனுக்கும் முதல் ராத்திரி தலைசாய்க்க இடம் கொடுத்த ஸ்டேஷன், அந்தக் குணத்தை இழந்துகொண்டு வருகிறது. சிதைவு என்று நான் சொல்வது இதைத்தான். பெயின்ட் அடித்து கலர் லைட் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது.

சரி, அந்தப் போட்டோவில் படுத்திருப்பவர்கள் யார்? போட்டோ எடுத்தவர் ஒருவரிடமாவது கேட்டிருப்பாரா?

எதிரே ரோட்டைத் தாண்டினால் ஜி.ஹெச்., அதாவது அரசு பொது மருத்துவமனை. சுரங்கப்பாதையில் இறங்கி ஏறினால் ஆஸ்பத்திரி வாசல். வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், ஆந்திராவில் நெல்லூர், சித்தூர் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வருகிறார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒருவர்தான் இருக்க முடியும், கூட வந்த மற்றவர்கள் எங்கே போவார்கள்? கூட வந்தவர்களுக்கென்றே ஆஸ்பத்திரிகளில் மாநகராட்சி காப்பகங்கள் நடத்துகிறது, அது நல்ல காரியம். ஆனால் வருகிற கூட்டத்துக்கு அது பத்தாது.

போன மாசம் ஆபீசில் வேலை முடிய நேரமாகிக் கடைசி வண்டியை விட்டுவிட்டேன். முதல் வண்டி வரை வெளியில்தான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஆரணிப் பக்கத்து அம்மா ஒருவர், அறுபது வயசு இருக்கும். வீட்டுக்காரருக்கு காலில் ஆபரேஷன், மகன் உள்ளே இருக்கிறான். ஒயர் கூடையில் ஒரு சொம்பு, ஒரு தட்டு, மருந்துச் சீட்டெல்லாம் போட்டுச் சுருட்டிய பிளாஸ்டிக் பை. செருப்பைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து மேலே துண்டைப் போட்டுத் தலைக்கு வைத்திருந்தார். செருப்பு திருடு போகாது, தலையணையும் ஆச்சு. பதினோரு நாளாக இப்படித்தானாம். பகலில் ஐந்து ரூபாய்க்கு பேசின் பிரிட்ஜ் டிக்கெட் ஒன்று எடுத்துக்கொண்டு புறநகர் ஸ்டேஷனுக்குள் போய் உட்காருவாராம். "அங்க ஃபேன் இருக்குதுப்பா, டிக்கெட் கையில இருந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். எங்கும் போகாத பயணத்துக்கு தினமும் டிக்கெட் எடுத்திருக்கிறார், உட்காருவதற்காக. குழுவில் அப்புறப்படுத்தச் சொன்னது இந்த அம்மாவையும் சேர்த்துத்தான்.

இன்னும் சிலர் வடக்கேயிருந்து வேலைக்கு வருகிற பையன்கள். ஹவுரா வண்டியில் வந்து இறங்கி, கூட்டிப்போக மேஸ்திரி வரும் வரை மூட்டையைக் கட்டிப்பிடித்துப் படுத்திருப்பார்கள். விடிந்தால் ஏதாவது ஒரு கட்டட வேலைக்குப் போய்விடுவார்கள்.

மூன்றாவதாக இருப்பவர்கள்தான் நிஜமாகவே வீடில்லாதவர்கள். ஸ்டேஷன் பக்கவாட்டில் வால்டாக்ஸ் ரோடு. அந்தக் காலத்தில் ஊரைச் சுற்றி மதில் கட்டிய வெள்ளைக்காரன், அதற்கு வரி போட நினைத்ததால் வந்த பெயர். அந்த ரோட்டு நடைபாதையிலும், பாரிமுனைப் பக்கமும் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் இருக்கின்றன. எனக்குப் பத்து வருஷமாகத் தெரிந்த ஒரு பெண் இருக்கிறார். வீடு என்று சொன்னால், மின்கம்பத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டிய ஒரு தகரப் பெட்டி. அதற்குள் அரிசி, ஸ்டவ், பிள்ளையின் புத்தகம். பக்கத்துச் சுவரில் ஆணி அடித்து ஸ்கூல் யூனிஃபார்மை பாலிதீன் பையில் போட்டு மாட்டியிருப்பார், மழை வந்தாலும் நனையாது. காலையில் பூக்கடைப் பக்கம் பூ கட்டப் போவார், கல்யாண சீசனில் மண்டபங்களில் பாத்திரம் தேய்க்கப் போவார், வீட்டுக்காரர் சாமான் ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டுகிறார். ஒரு நாள் கேட்டேன், இங்கே எத்தனை வருஷமாக இருக்கீங்க என்று. "எங்கம்மா இங்கதாண்ணா பொறந்துச்சு" என்றார். எனக்கு அதற்கு மேல் என்ன கேட்பதென்று தெரியவில்லை.

ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் அரசாங்கம் வீடு கொடுக்கிறதே, போகலாமே என்று உடனே யாராவது சொல்வீர்கள். அவருடைய அக்கா குடும்பம் போனது. பூ கட்ட விடிகாலை நாலு மணிக்கு பூக்கடையில் இருக்க வேண்டும். அங்கேயிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல், அந்த நேரத்துக்கு எந்த பஸ்ஸில் வருவது? ஆட்டோவுக்குக் கொடுத்தால் அன்றைய கூலியே போய்விடும். ஆறு மாசம் பார்த்துவிட்டு அக்கா திரும்பி வந்து அதே நடைபாதையில் இருக்கிறார். திமிர் என்று சொல்பவர்கள் தயவுசெய்து ஒரு வாரம் அந்த நேரத்தில் அங்கேயிருந்து கிளம்பி வேலைக்கு வந்து பாருங்கள்.

1970ல் குடிசை மாற்று வாரியம் ஆரம்பித்தபோது "ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்" என்று கட்டடத்திலேயே எழுதிவைத்தார்கள். குடிசை இருந்த அதே இடத்தில் அடுக்குமாடி கட்டி, அதே மக்களைக் குடியேற்றினார்கள். சிந்தாதிரிப்பேட்டையிலும் மயிலாப்பூரிலும் அப்படிக் குடிவந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்குப் படித்து வேலைக்குப் போகிறார்கள். நகரத்துக்குள் ஏழைக்கு இடம் கொடுக்க முடியும் என்று காட்டிய அரசாங்கம் இது. 2000க்கு அப்புறம் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று வெளியே தள்ளிக்கொண்டே போனது எனக்கு ரொம்ப வேதனை. இப்போது வாரியத்தின் பெயரையும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றிவிட்டார்கள். பழைய பாதைக்கும் திரும்பினால் நன்றாக இருக்கும்.

வீடில்லாதவர்களுக்கான காப்பகம் விஷயத்துக்கு வருகிறேன். உணவு உரிமை வழக்கில் 2010ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, பெரிய நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது இருக்க வேண்டும், வருஷம் முழுக்க, 24 மணி நேரமும். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படியே விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சியில் 65 லட்சத்துக்கு மேல் ஜனம், அப்படியென்றால் 65 காப்பகமாவது வேண்டும். இப்போது ஜனம் இன்னும் கூடியிருக்கும். எண்ணிக்கையை விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. பெரும்பாலான காப்பகங்கள் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, குழந்தைகளுக்குத் தனி. புருஷன் ஒரு இடம், பெண்டாட்டி ஒரு இடம், வயசுக்கு வந்த பிள்ளை இன்னொரு இடம் என்று பிரித்துப் போடச் சொன்னால் நம்மில் யார் சம்மதிப்போம்? நடைபாதையில் குடும்பமாகவாவது இருக்கிறார்கள்.

2011 கணக்கெடுப்பில் வீடில்லாதவர்களை எண்ணியது பிப்ரவரி 28ஆம் தேதி ஒரே ஒரு ராத்திரியில். நாடு முழுக்க 17.7 லட்சம் பேர், அதில் நகரங்களில் மட்டும் 9 லட்சத்துக்கு மேல். கிராமங்களில் குறைந்து நகரங்களில் கூடியிருந்தது. 2021ல் நடக்க வேண்டிய அடுத்த கணக்கு 2027க்குப் போய்விட்டது. நடுவில் கொரோனா வந்து எத்தனை பேர் வாடகை கட்ட முடியாமல் தெருவுக்கு வந்தார்களோ, அவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

நான் கேட்பது பெரிய காரியம் எதுவும் இல்லை. ஸ்டேஷனையும் ஜி.ஹெச்.சையும் சுற்றி நடந்துபோகிற தூரத்தில் குடும்பமாகத் தங்கக்கூடிய நாலைந்து காப்பகம். ராத்திரியில் காசில்லாமல் போக ஒரு சுத்தமான கழிப்பறை, முக்கியமாகப் பெண்களுக்கு, ஏனென்றால் அந்த ஆரணி அம்மா சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை என்றார். வால்டாக்ஸ் ரோட்டுக் குடும்பங்களுக்கு வடசென்னைக்குள்ளேயே வீடு. ரயில்வேக்கும் மாநகராட்சிக்கும் அந்தப் பக்கம் இருக்கிற இடத்துக்குக் குறைச்சல் இல்லை.

போட்டோ போட்ட நண்பருக்கு, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு வாங்க, நானும் வருகிறேன், சேர்ந்து நடந்து பார்ப்போம்.

அப்புறம் ஒரு விஷயம். அந்த வால்டாக்ஸ் ரோட்டுப் பெண்ணின் மகள் இந்த வருஷம் பத்தாவது. பரீட்சை முடியும் வரையாவது அம்மாவும் பெண்ணும் சேர்ந்து தங்க, தங்கசாலை, சௌகார்பேட்டை, பேசின் பிரிட்ஜ் பக்கம் ஏதாவது காப்பகத்திலோ விடுதியிலோ இடம் இருப்பது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற தூரமாக இருந்தால் நல்லது.