'மோமோ' உருவம் யாருடையது?

வாட்ஸ்அப்பில் குழந்தைகளை மிரட்டுவதாகப் பரவிய 'மோமோ' முகத்தைச் செய்தவர் பொம்மைக் கலைஞர் மிதோரி ஹயாஷி என்பது தவறு. அது ஒரு சிலையின் முகம்; அதை உருவாக்கியவர் கெய்சுகே ஐசோ. சினிமாவுக்கான உருவங்கள் செய்யும் 'லிங்க் ஃபேக்டரி' நிறுவனத்தைச் சேர்ந்தவர். பிரசவத்தில் இறந்த பெண்ணின் ஆவியாக ஜப்பானியர் சொல்லும் 'உபுமே'தான் இதற்கு மூலம். 2016இல் சிலையை டோக்கியோ கின்சாவின் வனிலா கேலரியில் காட்சிக்கு வைத்தார்கள். முழுப் படத்தில் பறவைக் கால்கள் தெரியும்; பகிரப்படும் படங்களில் பெரும்பாலும் அவற்றை வெட்டிவிடுகிறார்கள். (வாட்ஸ்அப்பில் பரவிய அந்த 'மோமோ சவால்' மிரட்டலுக்கும் ஐசோவுக்கும் சம்பந்தமே இல்லை.)

சிலை இப்போது இல்லை. ரப்பரும் இயற்கை எண்ணெய்களும் சேர்த்துச் செய்தது அது. ரப்பர் காற்றும் வெளிச்சமும் பட்டால் பிசுபிசுத்து, பிறகு விரிசல் விடும். எண்ணெய் அதை உப்பவும் வைக்கும். அழுகிப்போனதால் 2018இல் ஐசோவே தூக்கி எறிந்துவிட்டார்.