முதல் கறுப்பின வாகையர் அணி எது?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில், கறுப்பின வீரர்களை மட்டுமே களமிறக்கி முதன்முதலில் தேசிய வாகை சூடியது 1966-இல் டெக்சாஸ் வெஸ்டர்ன் கல்லூரிதான் என்ற செய்தி திரும்பத் திரும்பப் பகிரப்படுகிறது. அது தவறு. அவ்வாண்டு இறுதிப் போட்டியில் ஐந்து கறுப்பின வீரர்களுடன் தொடங்கிய அந்த அணி கென்டக்கியை 72-65 என வென்றது, என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பு நடத்தும் போட்டித் தொடரைப் பொறுத்தவரை அது முதல் நிகழ்வே.

ஆனால், என்.ஏ.ஐ.ஏ. என்ற மற்றொரு கல்லூரி விளையாட்டு அமைப்பு நடத்திய தேசியத் தொடரில், நாஷ்வில் நகரின் கறுப்பினக் கல்லூரியான டென்னசி ஏ அண்ட் ஐ, 1957, 1958, 1959 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, வெள்ளையர் கல்லூரிகளும் ஆடிய களத்தில் வாகை சூடியது. அதன் பயிற்சியாளர் ஜான் மெக்லெண்டன், கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடம் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். நிறத்தின் காரணமாக அங்கே அணியில் ஆட அனுமதிக்கப்படாதவர். அத்தகையவர், இடைவிடாது ஓடித் தாக்கும் வேகமான ஆட்டமுறையை வளர்த்து, பின்னாளில் நியூயார்க் நிக்ஸ் என்ற தொழில்முறை அணிக்காக ஆடிப் புகழ்பெற்ற டிக் பார்னெட் போன்றோரை உருவாக்கினார் என்பதைக் குறிப்பிடாத எந்த வரலாறும் அரைகுறையானதே.

கூடைப்பந்துச் சாதனையாளர்களைப் போற்றும், நெய்ஸ்மித் பெயரிலான புகழ் மண்டபத்தில் டெக்சாஸ் வெஸ்டர்ன் அணி 2007-இல் சேர்க்கப்பட்டது. டெக்சாஸ் வெஸ்டர்னுக்கு முன்பே வாகை சூடிய டென்னசி அணிகளோ 2019 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆகவே, பகிரப்படும் அந்த வரியில் 'என்.சி.ஏ.ஏ.' என்ற சொல்லைச் சேர்த்தால் மட்டுமே அது உண்மையாகும்.