கொடி ஏறும் இரவும் பெட்டிக்குள் கிடக்கும் கிதாபும்

கொழும்பில் நாகூர் ஆண்டகையைப் பற்றிப் பேச்செடுத்தால் தர்கா கூடுமா கூடாதா என்பதில்தான் போய் முட்டிக்கொள்கிறோம். அதை மார்க்க அறிஞர்களான உலமாக்கள் பேசட்டும். அந்தச் சத்தத்தில் நம்முடைய கடல்வழி வரலாறு கைநழுவுகிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

ஷாகுல் ஹமீது ஆண்டகை வட இந்தியாவின் மாணிக்கப்பூரில் பிறந்து, 16ஆம் நூற்றாண்டில் நாகூரில் மறைந்தவர். அங்குள்ள தர்காவின் 131 அடி மனோரா என்னும் கோபுரத்தைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். ஆனால் ஆண்டகையின் பெயரைக் கடல் தாண்டிக் கொண்டுபோனவர்கள் கடல் வணிகம் செய்த மரைக்காயர்களும் கப்பலோடிகளும்தான். ஓட்டை விழுந்த கப்பலை, கையிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை வீசி அடைத்தார் என்ற கறாமத்தை, அதாவது அற்புதத்தை, அவர்கள் சொல்லிச் சொல்லியே பயணம் போனார்கள். அவர் நினைவாக எழுந்த பினாங்கு தர்கா, 1828–1830இல் எழுந்த சிங்கப்பூர் தர்கா, நம் கல்முனைக்குடி கடற்கரைப்பள்ளி, இவை எதிலும் அவருடைய அடக்கத்தலம் இல்லை. தமிழ் பேசும் முஸ்லிம்கள் பாய்மரத்தில் போய் இறங்கிய கரைகள் இவை. இதை வெறும் இந்திய விவகாரம் என்று ஒதுக்குவது தவறு.

இஸ்லாமிய மாதமான ஜமாதுல் ஆகிர் பிறந்ததும் ஆண்டகையின் நினைவு விழாவுக்குக் கொடி ஏறும். நாகூரில் 14 நாள், கல்முனைக்குடியில் 12 நாள். இங்கிருந்து போகிறவர்கள் அடிக்கடி ஏமாறுவது தேதியில்தான். இஸ்லாமிய நாள் சூரியன் மறையும் மஃரிபோடு தொடங்குவதால், நாகூரில் சந்தனம் பூசும் பிறை 10இன் இரவு என்பது 9ஆம் நாள் மாலையோடு வருவது. பகலை எண்ணிப் போனால் எல்லாம் முடிந்திருக்கும். இங்கே பிறை கண்ட நாளும் தமிழ்நாட்டில் கண்ட நாளும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதுமில்லை.

கொடியைவிட எனக்குப் பெரிதாகப் படுவது மௌலூது கிதாப்கள், அதாவது புகழ் பாடி ஓதும் ஏடுகள். மூத்தம்மாவின் பெட்டியில் கிடக்கும், தமிழை அரபு எழுத்தில் எழுதிய அறபுத்தமிழ் ஏட்டை எடுத்தவுடன் லெமினேட் பண்ணப் போகாதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, ஃபோனைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து, நான்கு ஓரமும் தெரியப் படமெடுங்கள். பல பழைய ஏடுகளில் பக்கத்தின் அடியில் தனியாக ஒரு சொல் நிற்கும். அடுத்த பக்கத்தின் முதற்சொல் அது. அதை வெட்டிவிட்டால், தையல் விட்ட ஏட்டை மறுபடி வரிசைப்படுத்துவது பெரும்பாடு. படம் மங்கினாலும் கெட்டது. அரபியில் இல்லாத ப, ங, ட, ள, ழ போன்ற ஒலிகளுக்கு அரபு எழுத்திலேயே புள்ளியும் குறியும் கூட்டித்தான் எழுதினார்கள். ஒரு புள்ளி தேய்ந்தால் சொல்லே மாறிவிடும்.

மெட்டு மட்டும் ஏட்டில் கிடையாது. உங்கள் மஹல்லாவில், அதாவது பள்ளிவாசல் வட்டாரத்தில், ஓதத் தெரிந்த லெப்பை இருந்தால், கூடி ஓதும் ஜமாஅத்தோடு உட்காரவைத்து முழுவதையும் நிறுத்தாமல் பதியுங்கள். அவரை மட்டும் தனியே பதிந்தால், கூட்டம் திருப்பிச் சொல்லும் ஜவாப் விடுபட்டுப்போகும். துண்டு துண்டாகப் பதிந்தால், ஹிகாயத் என்னும் கதைப்பகுதியை வாசித்து முடித்து பைத்து என்னும் பாட்டுக்குள் குரல் ஏறுகிற அந்த இடம் கிடைக்காது.