முகாமில் சோறு ஆக்கப் போன பிள்ளைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது

திருகோணமலைத் துறைமுகத்தில் வெளிநாட்டுப் போர்க்கப்பல் ஒன்று வந்து நின்றால் போதும், எங்கட ஆட்கள் இறைமை பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். அமெரிக்காவோடு 2007இல் கையெழுத்தாகி 2017இல் புதுப்பிக்கப்பட்ட ஆக்ஸா உடன்படிக்கை (இரு நாட்டுப் படைகளும் ஒன்றுக்கொன்று பொருளும் சேவையும் கொடுக்கிற ஏற்பாடு) பற்றி முகநூலில் எத்தனை சண்டை! பேச வேண்டிய விசயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே அமெரிக்கப் படையின் முகாம்களில் சோறு ஆக்கவும் உடுப்புத் தோய்க்கவும் பவுசர் ஓட்டவும் ஈராக், குவைத், ஆப்கானிஸ்தான் என்று எங்கட பொடியன்கள் போனார்களே, அவர்களுக்கு ஒன்று நடந்தால் யார் பொறுப்பு என்று எந்தக் கூட்டத்திலும் ஒருவர் எழும்பிக் கேட்டு நான் காணவில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நீளமான பதிவு. வீட்டில் யாராவது அப்படிப் போய் வந்திருந்தால் தயவுசெய்து முழுக்க வாசியுங்கள்.

அமெரிக்க இராணுவம் 1985இல் லொக்கேப் என்றொரு திட்டத்தைத் தொடங்கியது. முகாமுக்குச் சாப்பாடு, சலவை, தண்ணீர், மின்சாரம், கழிவகற்றல் எல்லாவற்றையும் தனியார் கொம்பனிக்குக் கொடுக்கிற ஏற்பாடு அது. 2001இல் மூன்றாவது லொக்கேப் ஒப்பந்தம் கே.பி.ஆர். கொம்பனிக்குப் போனது. இவ்வளவு பெரிய கொம்பனி நேரே மூதூருக்கு வந்து ஆள் எடுக்காது. குவைத்திலோ ஜோர்தானிலோ ஓர் உப ஒப்பந்தக்காரர் இருப்பார். அவருக்குக் கொழும்பில் ஓர் ஏஜென்சி, ஏஜென்சிக்கு ஊரில் ஒரு சப் ஏஜென்ட். போகிறவர் கண்ணால் காண்பது இந்தக் கடைசி ஆளை மட்டும்தான். பிரச்சினை வந்ததும் அந்த ஆளின் போன் வேலை செய்யாது.

இங்கேதான் எங்கட சனத்துக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அமெரிக்க அரசாங்கக் கொள்வனவு விதிகளில் 52.222-50 என்று ஒரு பிரிவு. ஆட்கடத்தலைத் தடுக்கிற பிரிவு அது. தொழிலாளியிடம் வேலை எடுத்துத் தர என்று காசு வாங்கக்கூடாது. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைக்கக்கூடாது. சம்பளம், இடம், தங்குமிடம் பற்றிப் பொய் சொல்லக்கூடாது. எழுத்து ஒப்பந்தம் தேவைப்படுகிற இடத்தில் அதைத் தொழிலாளிக்கு விளங்குகிற மொழியில், அவர் வெளிக்கிட முதல் ஆகக் குறைந்தது ஐந்து நாளுக்கு முன் கையில் கொடுக்க வேண்டும். விளங்குகிற மொழி என்றால் எங்களுக்குத் தமிழ். இந்தப் பிரிவை ஒவ்வோர் உப ஒப்பந்தத்திலும், ஆள் எடுக்கிற ஏஜென்ட்டோடு செய்கிற ஒப்பந்தத்திலும் சேர்க்க வேண்டியது பெரிய கொம்பனியின் கடமை. ஆகவே சப் ஏஜென்ட் லட்சக்கணக்கில் காசு கேட்கிறபோதே அந்த ஒப்பந்தம் மீறப்படுகிறது. எங்கட பக்கத்தில் தாலியை அடகு வைத்து அந்தக் காசைக் கட்டினவர்கள் இருக்கிறார்கள். கட்டத் தேவையில்லை என்று அவர்களுக்குச் சொல்ல ஆளிருக்கவில்லை.

விதி இருந்தால் போதுமா? 2008 டிசெம்பரில் பக்தாத் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், யன்னல் இல்லாத களஞ்சியங்களில் சுமார் ஆயிரம் பேர் வேலையும் சம்பளமும் இல்லாமல் அடைபட்டுக் கிடந்த செய்தி வந்தது. இந்தியா, நேபாளம், பங்களாதேஷ் ஆட்களோடு இலங்கையரும் அதில் இருந்தார்கள். ஓர் உப ஒப்பந்தக்காரர் கொண்டுவந்து இறக்கிய ஆட்கள். ஒப்பந்தத்தில் எழுதினதை மேலே இருக்கிறவர் வந்து பார்க்காவிட்டால் நடப்பது இதுதான்.

அடுத்தது காப்புறுதி. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். 1941ஆம் ஆண்டின் டிஃபென்ஸ் பேஸ் அக்ட் என்ற அமெரிக்கச் சட்டம், வெளிநாட்டு முகாம்களில் வேலை செய்கிற ஒப்பந்தத் தொழிலாளருக்கு நட்டஈட்டுக் காப்புறுதி கட்டாயம் என்கிறது. எந்த நாட்டவர் என்று பார்ப்பதில்லை. யாருடைய பிழையால் காயம் வந்தது என்றும் கேட்பதில்லை. சில நாடுகளுக்கு விலக்குக் கொடுப்பார்கள். அங்கே வேறு நட்டஈட்டுச் சட்டம் தொழிலாளிக்குப் பொருந்த வேண்டும். காயத்தால் உழைக்க முடியாமல் போனால் வாரச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதோடு வைத்தியச் செலவு. இறந்தால் மனைவி பிள்ளைகளுக்குக் கொடுப்பனவு. உப ஒப்பந்தக்காரர் காப்புறுதி எடுக்காமல் விட்டிருந்தால் பொறுப்பு மேலே உள்ள பெரிய கொம்பனிக்குப் போகும்.

2004 ஓகஸ்ட்டில் ஈராக்கில் ஒரு முகாமுக்குக் கொண்டுபோகிற வழியில் பன்னிரண்டு நேபாளிகள் கடத்திக் கொல்லப்பட்டது பலருக்கு ஞாபகம் இருக்கும். பெரிய கொம்பனிக்கு எதிராகக் குடும்பங்கள் போட்ட வழக்கு தள்ளுபடியாகி, 2017இல் மேன்முறையீட்டிலும் தோற்றது. ஆனால் இந்தக் காப்புறுதிச் சட்டத்தின் கீழ் அமெரிக்கத் தொழில் திணைக்கள நீதிபதி அந்தக் குடும்பங்களுக்கு நட்டஈடு கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டார். முகாமுக்குப் போய்ச் சேராத பிள்ளைகளுக்கே அது கிடைத்தது.

எங்கட ஒழுங்கையில் ஓர் அண்ணன், ஆப்கானிஸ்தானில் ஒரு முகாமின் களஞ்சியத்தில் வேலை செய்தவர், முதுகு உடைந்து திரும்பி வந்தார். கொம்பனி டிக்கெட் போட்டு அனுப்பியதோடு சரி. இப்போது மனைவி இடியப்பம் அவித்து விற்றுத்தான் குடும்பம் ஓடுகிறது. காப்புறுதி என்ற சொல்லையே அவர் நான் சொல்லித்தான் கேள்விப்பட்டார். "அது முடிஞ்சு போன கதை தம்பி" என்றார். முடிந்துவிட்டது என்று சும்மா முடிவெடுக்காதீர்கள். காயத்தை முப்பது நாளுக்குள் அறிவிக்க வேண்டும், கோரிக்கையை ஒரு வருடத்துக்குள் போட வேண்டும் என்பது பொது விதி. ஆனால் காயம் பற்றித் தெரிந்தும் கொம்பனி அமெரிக்கத் தொழில் திணைக்களத்துக்குக் கொடுக்க வேண்டிய அறிக்கையைக் கொடுக்காமல் விட்டிருந்தால் அந்த ஒரு வருடக் கணக்கு தொடங்குவதே இல்லை. மெல்ல மெல்ல வெளிப்படுகிற தொழில் நோய்க்கு இரண்டு வருடம். கோரிக்கைப் படிவத்துக்கு எல்.எஸ்-203 என்று பெயர், இறந்தவரின் குடும்பத்துக்கு எல்.எஸ்-262. சட்டத்தரணியின் கூலியை அமெரிக்கத் தொழில் திணைக்களமோ நீதிமன்றமோ அனுமதித்தால்தான் அவர் வாங்கலாம். முன்பணம் கேட்கிறவரை நம்பாதீர்கள்.

இந்தச் சட்டத்திலும் எனக்குக் கோபம் வருகிற இடம் உண்டு. வெளிநாட்டவர் என்றால், இனிக் கொடுக்க வேண்டிய தவணைகளை எல்லாம் ஒரே தொகையாக்கி அதில் பாதியைக் கொடுத்து முடிக்க இடம் வைத்திருக்கிறார்கள். அமெரிக்கருக்கு அப்படி இல்லை. அதோடு கணக்கே சம்பளத்தை வைத்துத்தான். சம்பளத்தைக் குறைத்துப் போட்டவருக்கு எங்கட பிள்ளையின் கால் போனாலும் செலவு குறைவு. 1941இல் எழுதினதை இன்னும் மாற்றாமல் வைத்திருப்பது அநியாயம், வேறு சொல் இல்லை.

அமெரிக்காவோடு மட்டும் நிற்கிற விசயமும் இல்லை இது. உதவி வேலை என்று சொல்லி ரஷ்யாவுக்குக் கூட்டிப்போன எங்கட நாட்டு முன்னாள் படைவீரர்களைப் போர்முனையில் விட்டார்கள். 2024இல் பாதுகாப்பு அமைச்சு முறைப்பாடு எடுக்கத் தொடங்கியபோது சில வீடுகளில் செத்தவீடே முடிந்திருந்தது.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் நான் கேட்பது இது. முகாம் வேலைக்கு ஆள் எடுக்க அனுமதி கேட்டு ஏஜென்சி வந்தால் தலைமை ஒப்பந்தக்காரரின் பெயர், அரசாங்க ஒப்பந்த இலக்கம், காப்புறுதிக் கொம்பனியின் பெயர் மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வாங்கினதைப் போகிறவருக்கும் அவர் வீட்டாருக்கும் தமிழில், சிங்களத்தில் கொடுங்கள். புதுச் சட்டம் ஒன்றும் தேவையில்லை, ஒரு படிவத்தில் மூன்று வரி.

ஏற்கெனவே போய் வந்தவர்கள் முகாம் அட்டை, சம்பளத் துண்டு, ஒப்பந்த இலக்கம் உள்ள அனுமதிக் கடிதம், மருந்துச் சீட்டு எதையும் எறியாதீர்கள். கிண்ணியா, மூதூர், நிலாவெளி, தம்பலகாமம் எங்கிருந்தாலும் அவற்றைப் படம் பிடித்து உள்பெட்டியில் அனுப்புங்கள். எந்தப் படிவம், எந்த முகவரி என்று பார்த்துச் சொல்கிறேன். காசு எதுவும் வேண்டாம்.