மோஷன் கன்ட்ரோல் கேமரா வாடகைக்கு எடுத்த கதை

ராயபுரத்தில் ஒரு பழைய குடோனில் டபுள் ஆக்‌ஷன் காட்சி. ஒரே நடிகருக்கு இரண்டு வேடம் என்பதால் கேமரா முதல் தடவை போன அதே பாதையில், அதே வேகத்தில் மறுபடியும் போக வேண்டும், அதற்குத்தான் மோஷன் கன்ட்ரோல் ரோபோவை வாடகைக்கு எடுத்தோம். போனில் ஒரு தொகை சொன்னார்கள். சரி என்று அட்வான்ஸ் போட்ட பிறகுதான் ஒவ்வொன்றாக வருகிறது: ரோபோ ஓடும் தண்டவாளம் தனி, ஆபரேட்டர் பேட்டா தனி, ஜெனரேட்டர் நம் பொறுப்பு, அப்புறம் வடபழனியில் வண்டி கிளம்பியதிலிருந்தே நேரம் கணக்காம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் வண்டி நின்ற இரண்டரை மணி நேரத்துக்கும் நாங்களே காசு கொடுத்தோம்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தரை எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லையே! வெளியே லாரி போகும்போதெல்லாம் தரை அதிர்கிறது, தண்டவாளத்துக்கு அடியில் வைத்த மர ஆப்பு கண்ணெதிரே மயிரிழை நகர்கிறது, அவ்வளவுதான், இரண்டு ஷாட்டும் ஒன்றோடொன்று ஒட்டாது, எடுத்ததெல்லாம் வீண். உதவி கேமராமேன் பையன் மண்டியிட்டு, ரசமட்டத்தில் குமிழியைப் பார்த்துப் பார்த்து ஒன்பது தடவை சரிசெய்தான், பாவம். முன்கூட்டியே ஒருவர் வந்து இடத்தைப் பார்த்திருந்தால் சாலையை விட்டுத் தள்ளி, பின்பக்க ஷெட்டிலேயே காட்சியை வைத்திருப்போம். கேட்டால், "அதெல்லாம் நீங்கதான் சார் சொல்லணும்" என்கிறார்கள். இவ்வளவு வாடகை வாங்குகிறவர்கள்தானே முதலில் கேட்க வேண்டும்?